துண்டிலிருந்து வங்கிப் புத்தகம் வரை

மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் காப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் எழுதுகின்றனர். லயங்களையும் பிரசாவுரிமைச் சட்டங்களையும் பற்றி எழுதுகின்றனர். தொழிலாளியின் கைக்கு வந்த காசு அதன் பின்னர் எங்கே போயிற்று, யாரிடத்தில் தங்கிற்று, அதைப் பாதுகாத்துக்கொள்ள அவர் யாருக்கு என்ன கொடுத்தார் என்பவற்றை ஆராய்வோர் சிலரே. ஆயினும் ராகலையில் இன்று நாள்தோறும் எழுகின்ற கேள்வி இதுவே. 2023ஆம் ஆண்டு யூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்கின் வழியாக வழங்கப்படுகின்றது. அதற்கு முன்னர் வங்கியின் படி ஏறாதிருந்த பலரும் கணக்குத் திறக்க வேண்டியவராயினர். படிவத்தை நிரப்பித் தருமாறு பாடசாலைக்கு வரும் பெற்றோர், “எந்த பேங்குல போடலாம் சேர்? எதுல காசு கொறச்சலா புடிப்பாங்க?” என்று வினவுவது ஆசிரியர்களாகிய நமக்குப் பழகிப்போன ஒன்று.

எளிய கேள்விபோலத் தோன்றினும் இதற்குள் நூற்றைம்பது ஆண்டுக்கால அனுபவம் அடங்கியிருக்கின்றது. தம்முடைய காசைத் தாமே பெறுவதற்கும் வைத்திருப்பதற்கும் இம்மக்கள் எக்காலத்திலும் யாரோ ஒருவருக்குக் கட்டணம் செலுத்தியே வந்துள்ளனர். கட்டணத்தின் பெயர் மாறிற்று. அதை வாங்கும் கையும் மாறிற்று. அம்மாற்றத்தின் போக்கை அறிந்தாலன்றி, பெற்றோரின் கேள்விக்கு நாம் அளிக்கும் விடை முழுமை பெறாது.

வங்கிக்கு முற்பட்ட காலம்

1820களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. கங்காணிக்குத் தோட்டத்துரை முற்பணம் கொடுத்தார். அம்முற்பணத்திலிருந்து வழிச்செலவும் சோற்றுச்செலவும் போயின. ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்த்த தொகையும் அதிலிருந்தே போயிற்று. இவை யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு கொழுந்தும் கிள்ளாத முன்னரே, ஒரு பழமும் பறிக்காத முன்னரே அவர் கடனாளியானார்.

இக்கடனிலிருந்து பிறந்ததே துண்டு முறை. ஒரு கங்காணியின் ஆட்கள் செலுத்தவேண்டிய கடன் இவ்வளவு என்றும், அத்தொகை கட்டப்பட்டால் அவர்களை விடுவிக்கலாம் என்றும் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அத்தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வார். பெரும்பாலும் கங்காணி பழைய கடனுக்கு மேலும் ஒரு தொகையைப் பெற்றுக்கொள்வார். அதுவும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். இவ்வாறு தோட்டத்துக்குத் தோட்டம் போகப் போகக் கடன் பெருகிற்று. கடனைக் கண்ணால் காணாதவரே அதைச் சுமந்தனர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நாள்தோறும் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கின்றார்களோ அத்தனை பேருக்கும் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அது தோட்டத்தின் செலவு என்று ஏட்டில் எழுதப்பட்டது. உழைப்பவருக்குச் சேரக்கூடிய கூலியின் ஒரு கூறு இடையிலுள்ளவர் கைக்குப் போயிற்று என்பதே அதன் பொருள். இந்த அமைப்பில் கங்காணி ஆட்களைத் திரட்டுபவராக மட்டும் இருக்கவில்லை. கடன் கொடுப்பவரும் அவரே. கணக்கு வைப்பவரும் அவரே. இன்றைய மொழியிற் கூறினால், தொழிலாளியின் வங்கியே அவர்தாம். அந்த வங்கியில் வைப்புக் கிடையாது. கடன் மட்டுமே உண்டு. புத்தகம் கங்காணியிடம் இருந்தது. கணக்கின் உடையவரோ அதைப் படிக்க அறியாதவர்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலையுச்சித் தோட்டங்களுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. மாதத்தில் 25 நாட்கள் பேர் விழுந்தாலும் ஆணுக்கு 13 ரூபா 50 சதம். பெண்ணுக்கு 10 ரூபா 75 சதம். தோட்டம் கொடுத்த அரிசியின் விலை இதிலேயே கழிக்கப்பட்டது. மிஞ்சியது கடைக்காரருக்குப் போயிற்று. அதிலும் மிஞ்சியது மூக்குத்தியாகவும் தோடாகவும் மாறிற்று. நகைப்பித்து என்று இதை ஏளனம் செய்தவர் உண்டு. வைப்பிலிட இடமில்லாதவர்க்கு உடம்பே பெட்டகமாயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இடர் வந்தபோது அந்த நகை அடகுக் கடைக்குப் போயிற்று. வட்டி என்னும் பெயரில் இன்னொரு கட்டணம் தொடங்கிற்று.

1884: ஒரு வங்கியின் வீழ்ச்சி

மலைநாட்டில் அக்காலத்தில் வங்கிகளே இல்லாதிருக்கவில்லை. காப்பிக் காலத்தின் பெருவங்கி ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். அதன் நாணயத்தாள்கள் நாடெங்கும் வழங்கின. துரைமாரின் தோட்டங்களுக்கு அது தாராளமாகக் கடன் கொடுத்தது. 1869இல் காப்பி இலையில் தோன்றிய பூஞ்சண நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. ஈடாக நின்ற தோட்டங்கள் பயனற்றுப்போயின. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவடைத்தது. அப்போது தேசாதிபதியாக இருந்த ஆதர் கோர்டன், எதிர்ப்புகளுக்கிடையே, அவ்வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாள் வெளியிடும் அதிகாரத்தை அரசாங்கம் தனதாக்கிக்கொள்ளும் சட்டமும் இயற்றப்பட்டது.

வங்கி வீழ்ந்தால் யார் வீழ்வர் என்பதற்கு உலக வரலாற்றில் இதனினும் கொடிய சான்றுகள் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கென 1865இல் ஒரு சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. சலவைத் தொழிலாளரும் பண்ணைத் தொழிலாளரும் போர்வீரரும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை அதில் இட்டனர். நடத்தியவர்களோ அக்காசை ஊகவாணிபக்காரருக்குக் கடனாகக் கொடுத்தனர். 1874இல் வங்கி மூடப்பட்டபோது 61,000 பேருக்கு மேற்பட்டோரின் ஏறக்குறைய முப்பது இலட்சம் டொலர் சிக்கிக்கொண்டது. சென்னையில் 1906 ஒக்டோபரில் ஆர்பத்னட் கம்பனி முறிந்தது. வெள்ளையர் நிறுவனம், ஆதலால் அழியாது என்று நம்பிப் பணமிட்டிருந்த ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் தெருவுக்கு வந்தனர். அதன் தலைவர் சர் ஜோர்ஜ் ஆர்பத்னட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சி தந்த பாடத்திலிருந்தே 1907இல் சென்னையில் இந்தியன் வங்கி தோன்றிற்று.

கட்டணம் குறைந்த வங்கியைத் தேடும்போது நாம் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே. மாதந்தோறும் கழியும் சில்லறைக் கட்டணம் கண்ணுக்குத் தெரிவது. முதலே போய்விடும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இலங்கையிலும் 2002இல் பிரமுக்க வங்கியின் செயற்பாடுகள் இடைநிறுத்தப்பட்டன. 2008இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தது. உயர்ந்த வட்டியை நம்பியவர்கள் முதலுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். இவற்றின் பின்னர் 2010 ஒக்டோபர் முதல் வைப்புக் காப்புறுதித் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 முதல் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை அதன் காப்பு உண்டு. அத்திட்டத்துக்கு உட்பட்ட, மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்பது முதற் கேள்வியாதல் வேண்டும்.

ஹட்டனில் வங்கி, ஊரில் அஞ்சலகம்

1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டிற்று. மறு ஆண்டு நானுஓயா சென்றது. காப்பியின் சாம்பலில் தேயிலை தளிர்த்த காலம் அது. 1888இல் ஆர்.டி. பேங்க்ஸ், ஏ.டி. அட்கின் என்னும் இருவர் ஹட்டன் வங்கியைத் தொடங்கினர். சுற்றியிருந்த தோட்டங்களின் பணத்தேவையே அதன் பிறப்புக்குக் காரணம். சம்பள நாளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுக்க வேண்டிய ரொக்கம் மலையிலேயே கிடைத்தல் துரைமாருக்கு வசதியாயிற்று. பிற்காலத்தில், 1970இல், அவ்வங்கியே ஹட்டன் நஷனல் வங்கியாக உருப்பெற்றது. தொழிலாளியின் கூலி அவ்வங்கியின் வழியே வந்தது. தொழிலாளி அதன் வழியே வரவில்லை. சம்பளப் பெட்டிக்குத் திறந்த கதவு, சம்பளம் வாங்குபவருக்குத் திறக்க மிக நீண்ட காலம் சென்றது.

எளியவர்க்கென்று எழுந்த வாயில் அஞ்சலகமே. பிரித்தானியாவில் கிளாட்ஸ்ரன் நிதியமைச்சராக இருந்தபோது 1861இல் அஞ்சல் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. ஒரு ஷில்லிங் இருந்தாற்போதும், கணக்குத் திறக்கலாம். காசுக்கு அரசே பொறுப்பு. தனியார் வங்கிகள் ஏழையின் ஷில்லிங்கை ஏட்டில் எழுதுவதே நட்டமென்று கருதிய காலத்தில் இது முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. இலங்கையில் 1832இலேயே இலங்கைச் சேமிப்பு வங்கி தோன்றியிருந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1885இல், ஓரியண்டல் வங்கி முறிந்த மறு ஆண்டில், தொடங்கிற்று. இவை பின்னர் ஒன்றிணைக்கப்பட்டு 1972இல் தேசிய சேமிப்பு வங்கியாயின. அதன் வைப்புகளுக்கு அரசின் முழுப் பொறுப்பு உண்டு. அஞ்சலகங்களின் வழியாகவும் அது கருமமாற்றுகின்றது.

1904இல் நுவரெலியா வழியாக ராகலை வரை ஒடுங்கிய புகையிரதப் பாதை போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக வந்த அப்பாதை பின்னர் கைவிடப்பட்டது. வந்த வண்டியில் வங்கி ஏறி வரவில்லை. ஏற்றுமதிக்கு ஏற்ற வசதிகள் முதலில் வரும். உழைப்பவருக்கு உகந்த வசதிகள் இறுதியில் வரும். குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பு இது.

நாட்டுடைமையான வங்கிகள்

உள்நாட்டு வணிகருக்கும் விவசாயிகளுக்குமே வெள்ளையர் வங்கிகள் எட்டாக்கனியாக இருந்தன. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வங்கிகளிடம் கடன் பெற்று, கூடிய வட்டிக்கு உள்நாட்டவர்க்குக் கொடுத்தனர். 1925இல் வங்கிகள் செட்டிமாருக்குரிய கடனை இறுக்கியபோது நாட்டின் வாணிபமே ஆட்டங்கண்டது. 1934இல் சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, அரசின் துணையுடன் ஒரு தேசிய வங்கி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1961இல் அது நாட்டுடைமையாயிற்று. அவ்வாண்டு யூலை 1ஆம் திகதி, ரி.பி. இலங்கரத்ன அமைச்சராக இருந்தபோது, மக்கள் வங்கி தொடங்கிற்று. கிராமத்தின் கூட்டுறவுச் சங்கங்களோடு வங்கித் தொழிலை இணைத்தமை அதன் சிறப்பு.

எனினும் ‘மக்கள்’ என்னும் சொல்லுக்குள் தோட்ட மக்கள் அன்று அடங்கினரா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியிருந்தது. கிராமத்து விவசாயிக்கு நிலம் ஈடாக இருந்தது. நெல் ஈடாக இருந்தது. லய அறையில் வாழ்பவருக்கு அறையும் சொந்தமன்று. எனவே அவரது கடனுக்கு மீண்டும் கடைக்காரரும், சீட்டுப் பிடிப்பவரும், அடகு பிடிப்பவருமே கதியாயினர்.

1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். முதன்முறையாகத் தொழிலாளியின் பெயரில், அவருடைய முதுமைக்கென, சட்டத்தின் காவலில் பணம் சேரலாயிற்று. இன்று தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர்.

அப்பணத்தின் பெறுமதி 1964இல் கசப்பாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் முடிவு செய்யப்பட்டது. போகிறவர்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் சொத்துகளைக் கொண்டுபோகலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் குறையலாகாது என்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. ஒரு குடும்பத்தின் பல தலைமுறை உழைப்பு ஒரு வங்கிக் கடிதத்துள் அடங்கிப்போயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றோருக்கென 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி, ரெப்கோ வங்கி, அமைந்ததும் இவ்வரலாற்றின் ஒரு கிளையே.

இன்றைய கணக்கு

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். இன்று ராகலைக் கடைவீதியில் வங்கிக் கிளைகள் உண்டு. தெரிவு செய்யும் நிலை வந்திருக்கின்றது. எதைக் கொண்டு தெரிவு செய்வது?

சான்றுக்காக ஒரு கணக்கைப் போடுவோம். ஒரு பெண் தொழிலாளியின் கணக்கில் 3,000 ரூபா இருக்கின்றது. குறைந்தபட்ச மீதி 5,000 ரூபா என்றும், அதற்குக் குறைந்தால் மாதம் 50 ரூபா கழிக்கப்படும் என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 600 ரூபா போகும். வட்டி 3 வீதமாயின் அவருக்கு வருவது 90 ரூபாவுக்கும் குறைவு. அவர் தம் காசில் ஐந்திலொரு பங்கைக் காவற்கூலியாகக் கொடுத்திருக்கின்றார். அதே கிளையில் மூன்று இலட்சம் ரூபா வைத்திருக்கும் வணிகரிடம் ஒரு சதமும் கழிக்கப்படுவதில்லை. அவருக்கு 9,000 ரூபா வட்டியும் கிடைக்கின்றது. யாவருக்கும் ஒரே விதி என்று கூறப்படும் கட்டணம், இல்லாதவரிடம் வாங்கி உள்ளவரை விடும் கட்டணமாக முடிகின்றது. எனவே வட்டி வீதத்தைக் கேட்பதற்கு முன், குறைந்தபட்ச மீதி எவ்வளவு, அது குறைந்தால் என்ன கழிப்பீர்கள் என்று கேட்டல் வேண்டும்.

அடுத்து, அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, வேறு வங்கியின் இயந்திரத்தில் காசெடுத்தால் என்ன கழியும், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திக்குக் காசு உண்டா என்று கேட்டல் வேண்டும். காசோலை எழுதும் நடைமுறைக் கணக்கு கூலி பெறுபவருக்குப் பெரும்பாலும் தேவையற்றது. பொதுவாக அதற்கு வட்டி இல்லை. காசோலைப் புத்தகத்துக்குக் காசு. காசோலை திரும்பினால் தண்டம். கடை வைத்திருப்பவருக்கும், கோயிற் சபை, மரண உதவிச் சங்கம் போன்றவற்றுக்கும் அது வேண்டியதாகலாம். அவர்கள் மாதத்துக்கு எத்தனை காசோலை எழுதுவர் என்று எண்ணிப் பார்த்த பின்னரே வங்கியைத் தெரிவு செய்தல் நன்று. பத்தாண்டுகள் தொடப்படாத கணக்கு கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும் என்பதையும், உரியவர் பின்னர் அதைக் கோரலாம் என்பதையும் முதியோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் அச்சிடப்படாத கட்டணம் ஒன்றுண்டு. வங்கி திறந்திருக்கும் நேரம் மலையில் கொழுந்தெடுக்கும் நேரம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, வங்கிக்குப் போவதற்காக மாதம் ஒரு பேரை இழப்பவர் ஆண்டில் 16,200 ரூபாவை இழக்கின்றார். பஸ் கட்டணம் வேறு. மாதம் 50 ரூபாக் கட்டணம் இதற்கு முன் அற்பமானது. எனவே தோட்டத் தொழிலாளிக்குக் கட்டணம் குறைந்த வங்கி என்பது, அவர் வேலையை இழக்காமல் போய்வரக்கூடிய வங்கியே. தோட்டத்துக்கு அண்மையிலுள்ள உப அஞ்சலகம், நுவரெலியா நகரத்துப் பெருங்கிளையினும் மலிவானதாகலாம்.

யாருடைய பெயரில்?

மற்றொரு வினா எஞ்சி நிற்கின்றது. தோட்டங்களில் பெண்ணின் கூலியை அவள் கணவனோ தந்தையோ வாங்கிச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான். கொழுந்துக் கூடையைச் சுமந்து இத்தேசத்துக்கு அந்நியச் செலாவணியை ஈட்டியவள், தன் சம்பளத்தைத் தன் கையால் எண்ணிப் பார்க்காமலே முதுமை எய்தியதுண்டு. வங்கிப் புத்தகம் அவள் பெயரில் இருத்தலும், அட்டையின் இரகசிய இலக்கம் அவளுக்கு மட்டுமே தெரிந்திருத்தலும் எந்தக் கட்டணச் சலுகையினும் பெரியவை. இலக்கத்தை அட்டையின் உறையிலேயே எழுதிப் பிறரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. கங்காணியிடம் இருந்த கணக்குப் புத்தகம் வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கின்றது எனலாம்.

இதில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடமை உண்டு. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. கட்டணங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாக அறிவித்தல் அவற்றின் அடிப்படைகளுள் ஒன்று. கட்டணப் பட்டியலைத் தமிழில் தருமாறு கிளைகளில் கேட்போம். உயர்வகுப்பு மாணவர் இரண்டு மூன்று வங்கிகளின் பட்டியலைப் பெற்று, 3,000 ரூபா மீதிக்கு ஓராண்டில் எங்கே எவ்வளவு கழியும் என்று கணக்கிட்டு, பாடசாலைச் சுவரில் ஒட்டட்டும். வீத கணிதம் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் வேறில்லை. தன் தாயின் காசு அக்கணக்கில் இருப்பதால் எந்த மாணவனும் அதில் தூங்கமாட்டான்.

ஆனால் தனிமனிதர் நல்ல வங்கியைத் தெரிந்துகொள்வதோடு இது முடிந்துவிடாது. 2005இல் இந்திய ரிசர்வ் வங்கி, மீதி இல்லாமலோ மிகக் குறைந்த மீதியுடனோ நடத்தக்கூடிய எளிய கணக்குகளைத் திறக்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. புதுச்சேரியை அடுத்த மங்கலம் என்னும் ஊரில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு ஏற்படுத்தப்பட்டது. அதைச் செய்தது, ஆர்பத்னட்டின் இடிபாட்டிலிருந்து எழுந்த அதே இந்தியன் வங்கி. அரசு எண்ணினால் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

கூலியும் நலன்புரிக் கொடுப்பனவும் வரும் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச மீதியும் கட்டணமும் விதித்தலாகாது என்று நாம் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளேனும், சம்பளத்தை அடுத்த நாளில், வங்கி அலுவலர் தோட்டத்துக்கு வருதல் வேண்டும். அல்லது வேலை முடிந்த பின்னர் கிளை திறந்திருத்தல் வேண்டும். படிவங்கள் தமிழில் இருத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இவற்றையும் வைக்கலாம். 1888இல் சம்பளப் பெட்டிக்காக மலையேறி வந்த வங்கி, சம்பளம் வாங்குபவருக்காக லயத்து வாசல் வரை இன்னும் சில மைல் நடந்து வரட்டும்.